குழித் தண்ணீரும் என் இடது செருப்பும்

மரியே வாழ்க

நெய்வேலி,
திங்கட்கிழமை, சாயங்காலம்.

அன்பு மகள் வினோலியாவுக்கு அப்பா லூர்துசாமி எழுதுவது. இங்கே நான் நலம். அம்மா நலம். அம்மாவின் முட்டிவலியும் நலம்; அது ஒரு நாளும் விடுப்பு எடுக்காமல் தன் வேலையைப் பார்க்கிறது. சென்னையில் உன்னையும், உன் அறைத் தோழிகளையும், நீ சாப்பிட மறந்துபோகிற மத்தியானச் சாப்பாட்டையும் வேளாங்கண்ணி மாதா கவனித்துக்கொள்ளட்டும்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீ கட்டடப் படம் வரைந்த பள்ளிக்கூடம் திறந்த அன்று, உன் ஆபீஸ் உன்னை அனுப்பாமல் பெரியவர்கள் மட்டும் வந்த அன்று, “எப்படிப்பா இருந்துச்சு?” என்று போனில் கேட்டாய். “முன் வரிசையில உக்காந்து பாத்தேன், சூப்பர்” என்றேன். நான் முன் வரிசையில் உட்காரவில்லை. எந்த வரிசையிலும் உட்காரவில்லை. அந்தக் கட்டடத்துக்கு வாசல் எந்தப் பக்கம் என்று தெரியாமல் சைக்கிளில் மூன்று முறை சுற்றினேன். நம் ஊரில் குவார்ட்டர்ஸ் என்றால் முன்னால் வாசல், பின்னால் குழாய், நடுவில் நம்பர். உன் கட்டடத்தில் எல்லாப் பக்கமும் முன்பக்கமாக இருந்தது. கடைசியில் புகை வந்த பக்கமாகப் போனேன். புகை வருகிற இடத்தில் மனிதர்கள் இருப்பார்கள் என்பது மைன்ஸில் வேலை பார்த்துப் படித்த பாடம். இருந்தார்கள், சமையல்காரர்கள். “எங்கய்யா போய்த் தொலஞ்ச? பந்தி உக்காந்தாச்சு” என்று ஒருவர் என் கையில் சாம்பார் வாளியைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். வாளி கைக்கு வந்த பிறகு ‘நான் கட்டடம் வரைந்த பெண்ணின் அப்பா’ என்று சொன்னால் யார் நம்புவார்கள்? உன் முதலாளிக்கு இரண்டு தரம் ஊற்றினேன். “போதும் தம்பி” என்றார். அவருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு இருக்கும். நல்ல மனிதர், கத்தரிக்காயை ஒதுக்கிவைத்துவிட்டார்.

இதை இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், எட்டு நாளைக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது “எனக்காகப் பொய் சொல்லாதப்பா” என்றாய். ஆகவே பழைய பொய்யை முதலில் கழித்துவிட்டேன். போனில் சொல்லாமல் கடிதம் எழுதக் காரணம், என் போன் ஏழு நாளாக அரிசி டிரம்மில் இருக்கிறது. ஈரத்தை அரிசி இழுத்துவிடும் என்றார்கள். இதுவரை அரிசிதான் போன் வாசம் வீசுகிறது. அம்மா போனில் பேசலாம்தான். ஆனால் அவள் பக்கத்தில் நின்று கேட்பாள், போன் மழையில் நனைந்தது என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

நீ கேட்டது ஒரே ஒரு விஷயம். பள்ளிக்கூடத்துக்கு நடுவே, பிள்ளைகள் இறங்கி உட்காரப் பள்ளமாக நீ வைத்த படிமுற்றத்தில் மழைத் தண்ணீர் ஏன் நிற்கிறது? தலைமையாசிரியை விருத்தாம்பாள் உன் ஆபீஸுக்குக் கடிதம் போட்டுவிட்டார், அதை மண் போட்டு நிரப்பி மேலே டைல்ஸ் ஒட்டித் தர வேண்டும் என்று. வரும் வெள்ளிக்கிழமை உன் முதலாளி உன்னையும் கூட்டிக்கொண்டு வந்து பார்த்து முடிவு சொல்வார். நிரப்புவது என்று ஆனால் அடுத்த பள்ளிக்கூடப் படம் உன் கைக்கு வராது. இதைச் சொல்லிவிட்டு நீ கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாய். நான் “சிக்னல் போயிடுச்சு போல” என்றேன். சிக்னல் போகவில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

மறுநாள் முதல் ஷிப்ட் முடிந்து, சாப்பிட்டுவிட்டு, யூனிபாரத்தோடு சைக்கிளை எடுத்தேன். பள்ளிக்கூடம் போய்ச் சேருவதற்குள் மூச்சு வாங்கியது. வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன். வழியில் நம் குடியிருப்பு பிளாக்காரர்கள் உன் கட்டடத்தைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதையும் எழுதிவிடுகிறேன், பிறகு யாராவது உன் முகத்துக்கு நேராகச் சொன்னால் புதிதாக இருக்கக்கூடாது. மின்நிலையச் சாம்பலில் செய்த கல்லை நீ பூசாமல் அப்படியே விட்டதால், பூச்சுவேலை இன்னும் பாக்கி என்று பாதிப்பேர் காத்திருக்கிறார்கள். காற்றுக்காக ஓட்டை ஓட்டையாகக் கட்டிய சுவரைப் பார்த்து நம் சிங்காரவேல், “இன்னாப்பா இது, கல்லு பத்தலன்னா கேக்கக் கூடாதா? நடு நடுவுல வுட்டுகினு போயிருக்காங்களே” என்றார். வகுப்புக்கு ஒரு நிறமாகக் கதவு வைத்தாயே, நம்பர் இல்லாமல் பெற்றோர்கள் தவித்துப்போய், இப்போது ஒவ்வொரு கதவிலும் வெள்ளைப் பெயிண்டில் பிளாக் 1, பிளாக் 2 என்று எழுதியாகிவிட்டது. வருத்தப்படாதே. நெய்வேலிக்காரனுக்கு நம்பர் இல்லாமல் சொர்க்கத்தில் இடம் கொடுத்தாலும் போகமாட்டான். முழங்கால் உயரத்தில் நீ வைத்த ஜன்னலை மட்டும் நானே குனிந்து பார்த்தேன். நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. உள்ளே தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு முந்திரி மரம் முழுசாகத் தெரிகிறது. அதைச் செய்ததற்கு உன்னை யாரும் பாராட்டவில்லை, ஏனென்றால் யாரும் குனியவில்லை.

இனி குழி. மன்னிக்கவும், படிமுற்றம். நீ போட்ட ஐந்து படியில் மேலே இரண்டு தெரிந்தது, மூன்று தண்ணீருக்குள். சுற்றிலும் கயிறு கட்டியிருந்தார்கள். உள்ளே ஒன்பது வாத்துகள். பக்கத்தில் யாரோ வளர்க்கிறார்களாம். காலையில் பிரேயர் மணிக்கு வருகின்றன, கடைசி மணிக்குப் போகின்றன. இந்தப் பருவத்தில் நூற்றுக்கு நூறு வருகை அவற்றுக்குத்தான் என்று வாட்ச்மேன் சொன்னார். உனக்குப் படம் பிடித்து அனுப்பலாம் என்று கயிற்றைத் தாண்டி இரண்டாவது படியில் காலை வைத்தேன். அங்கே பாசி இருந்தது. இரண்டாவது படி என்னை மூன்றாவது படிக்கு அனுப்பியது. மூன்றாவது என்னை நாலாவதுக்கு அனுப்பியது. மைன்ஸில் இப்படி ஒருவன் படி படியாக இறங்கினால் விசாரணைக் கமிட்டி போடுவார்கள். இங்கே ஏழாம் வகுப்பு முழுவதும் கைதட்டியது. நான் மார்பளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தேன். போன் என் கையில் இல்லை. வாத்துகள் எனக்கு இடம் விட்டு ஒதுங்கின.

விருத்தாம்பாள் ஓடி வந்தார். “யாருங்க நீங்க?”

அந்த நிலையில் என்னம்மா சொல்வது? “பைப்பு பாக்க வந்தேங்க” என்றேன்.

அன்றிலிருந்து நான் பைப்காரர். துண்டு கொடுத்தார், டீ கொடுத்தார், மனதில் இருந்ததையெல்லாம் கொடுத்தார். “நீங்களே பாருங்க பைப்காரரே, பள்ளிக்கூடத்துக்கு நடுவுல யாராவது குளம் வெட்டுவாங்களா? படம் போட்டவங்க ஏசி ரூம்ல உக்காந்துகினு போட்டிருப்பாங்க. எந்த வூட்டுப் புள்ளையோ தெரியல. பெத்தவங்க பக்கத்துல இருந்து ஒரு வார்த்த சொல்லியிருக்க வேணாமா?”

“வேணும்தாங்க” என்றேன்.

நீ அந்தப் படத்தை நம் சாப்பாட்டு மேசையில், மின்விசிறிகூட ஓடாத மே மாதத்தில் விரித்து வைத்து விளக்கியவள் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்ததால் உன் மரியாதையை முன்னிட்டுச் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை கேன்டீனில் இதைப் பரமசிவத்திடம் சொன்னேன். சங்கரன்கோவில்காரர், மைன்ஸில் முப்பது வருடமாகப் பம்ப் ஓட்டுகிறவர். நம் மைன்ஸில் நிலக்கரிக்குக் கீழே ஊற்று அமுக்கிக்கொண்டே இருக்கும் என்பதும், ராத்திரி பகல் பம்ப் ஓடாவிட்டால் வேலையே கிடையாது என்பதும் உனக்குத் தெரியும். அவர் இட்லியைக் கீழே வைத்துவிட்டார். “ஏ லூர்து, என்னவே சொல்லுத? நெய்வேலியில ஒரு குழிக்குள்ள தண்ணி நிக்கவா? வெளிய தெரிஞ்சா நம்ம மானம் என்னத்துக்கு ஆவும்?” என்றார். எனக்கு உன் கட்டடம். அவருக்கு அது ஊர் மானம். கூடச் சாப்பிட்டுக்கொண்டிருந்த சிங்காரவேல், “கம்மாபுரத்துல எங்க வூட்டு இஞ்சினு சும்மாதான் கெடக்குது, ஏத்திக்கினு வரேன்” என்றார். சனிக்கிழமை பள்ளி விடுமுறையில் இஞ்சின் குட்டியானை வண்டியில் வந்து இறங்கியது. விருத்தாம்பாளும் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

இரைத்த தண்ணீரை எங்கே விடுவது? படிமுற்றத்திலிருந்து கிழக்கே ஒன்றரை அடி அகல வாய்க்கால் போகிறது, மேலே சிமென்ட் பலகை மூடி. தண்ணீர் வடிய நீ வைத்தது. அது முடிகிற கிழக்கு எல்லையில் ஓஸ் பைப்பைக் கொண்டுபோய்ப் போட்டோம். அந்தப் பக்கம் தானே போகும் என்று. வெளியே தண்ணீர் கொட்டும் அழகைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். செருப்பு நனையக்கூடாது என்று அங்கேயே கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு குழிப்பக்கம் வந்தேன்.

காலை எட்டு மணிக்கு இஞ்சின் ஓடத் தொடங்கியது. ஒன்பதுக்கு ஒரு படி குறைந்தது. பத்துக்கு அதே படி. பதினொன்றுக்கும் அதே படி. டீசல் இரண்டு முறை ஊற்றியாகிவிட்டது. பரமசிவம் குப்புறப் படுத்து மேல் படியில் காதை வைத்துக் கேட்டார். எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, டாக்டர் வெளியே வந்து உறவினர்களிடம் பேசுகிற குரலில் சொன்னார். “கீழ இருந்து ஊத்து அமுக்குது. மைன்ஸ்ல உள்ள அதே பிரஷர். சுத்தி எட்டு போர் போட்டு இறைச்சாத்தான் அடங்கும்.”

“பள்ளிக்கூடத்துல எட்டு போரா?” என்றார் விருத்தாம்பாள்.

“மொதல்ல எட்டு. பத்தலன்னா பாத்துக்கிடலாம்.”

“நிறுத்தாம ஓட்டணுமா?”

“நெய்வேலி இருக்கிற வரைக்கும் ஓட்டணும்மா.”

விருத்தாம்பாள் கைப்பையிலிருந்து தைல டப்பாவை எடுத்தார். நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்பாய். தலையாட்டிக்கொண்டிருந்தேன். உன் கட்டடத்துக்குக் கீழே பாதாள ஊற்று இருந்தால் குற்றம் பூமியுடையது, உன்னுடையது இல்லை. எட்டு போருக்கு நான் மனதார ஆதரவு.

பன்னிரண்டு மணி சுமாருக்கு, தண்ணீரில் பாதி முழுகியிருந்த வாய்க்கால் வாயிலிருந்து ஒரு செருப்பு குழிக்குள் மிதந்து வந்தது.

பரமசிவம் அதைக் குச்சியால் இழுத்தார். “ஏ லூர்து, இது ஒன் செருப்பு மாதிரில்லா இருக்கு?”

“ஆமா. இடதுகால் செருப்பு. இத நான் கெழக்கால மொனையில இல்ல கழட்டி வெச்சேன்?”

சிங்காரவேல் போய் இஞ்சினை அணைத்துவிட்டு வந்தார். “அப்ப காலையிலேருந்து ஒரே தண்ணியத்தான் சுத்த வுட்டுகினு இருக்கோமா?”

மூன்று பெர்மனென்ட் ஊழியர்கள், மொத்தம் எண்பது வருட அனுபவம். பரமசிவம் ஓஸ் பைப்பைச் சுருட்டப் போனார், நான் செருப்பைத் துடைத்தேன். விருத்தாம்பாள் தைலத்தை மூடினார். ஒன்பது வாத்துகளும் எங்களைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதவில்லை.

கான்ட்ராக்டரின் மேஸ்திரி ஆனந்த்ராஜை வரச் சொன்னார்கள். படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார். “பாத்துக்கங்கம்மா, தண்ணி போற அம்புக்குறி கெழக்க பாத்து இருக்கு. அம்பு காட்டுன பக்கம் ரெண்டடி ஆழத்துக்கு ஒரே சீரா வெட்டி வாய்க்கா கட்டுனேன். அது மேடா பள்ளமான்னு அம்பத்தான் கேக்கணும்” என்றார். கிழக்கே தரை மேடு. வாய்க்காலும் மேட்டிலிருந்து குழிக்குத்தான் இறங்குகிறது. மழை பெய்தால் கிழக்குப் பக்கத்து மைதானம் முழுவதும் உன் படிமுற்றத்துக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறது. இது அந்தச் செருப்பு சொன்ன செய்தி.

விருத்தாம்பாள் என் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க பைப்காரரே. படத்துல தப்பா, பூமியில தப்பா?”

“மண்ணு எறங்கியிருக்குங்க” என்றேன். “படம் போட்டப்ப சரியாத்தான் இருந்திருக்கும். பெறகு மண்ணு இந்தப் பக்கமா எறங்கிடுச்சு.”

யாரும் மறுக்கவில்லை. நம் ஊரில் சுவர் வெடித்தாலும் பால் திரிந்தாலும் மண் மேல் பழி போட்டால் எதிர்த்துப் பேச ஆள் கிடையாது. ஆனந்த்ராஜ் மட்டும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் படத்தைச் சுருட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மேற்கே, நம் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் போகிற ஓடை வரைக்கும், அறுபதடிக்கு வாய்க்கால் வெட்டினோம். அம்மா புளிச்சாதம் கொடுத்தனுப்பினாள், எதற்கு என்று கேட்காமல். மூன்று மணிக்குக் கடைசி மண்ணைத் தள்ளியதும் குழித் தண்ணீர் கடைசி மணி அடித்த பிள்ளைகள் மாதிரி ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு வெளியே ஓடியது. இஞ்சினும் வேண்டாம், போரும் வேண்டாம். நாற்பது நிமிடம். பிறகு நல்ல மழை ஒன்று வந்தது. ஓட்டைச் சுவருக்குப் பின்னால் ஒதுங்கி நின்று, விருத்தாம்பாள் உட்பட எல்லோரும் பார்த்தோம். அதுவும் வந்த வழி தெரியாமல் மேற்கே போய்விட்டது. ஐந்து படியும் வெளியே தெரிந்தன. அடியில் வலதுகால் செருப்பும் கிடந்தது.

அந்த சந்தோஷத்தில் பரமசிவம் வாயை விட்டுவிட்டார். “இவம் மவதாம்மா இந்தப் பள்ளிக்கூடத்தையே வரஞ்சது!”

விருத்தாம்பாள் என்னை உச்சியிலிருந்து வெறுங்கால் வரை பார்த்தார். திட்டியதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வருவது முகத்தில் தெரிந்தது. “அத மொதல்லயே சொல்லக் கூடாதுங்களா? நான் இன்னும் கொஞ்சம் மரியாதையா திட்டியிருப்பேனே” என்றார்.

நல்ல அம்மாள்தான். ஆனால் கணக்கு டீச்சராக இருந்தவர், விடை மட்டும் போதாது, வழி எழுத வேண்டும். இன்று காலை பிரேயரை அந்தப் படிகளிலேயே நடத்தினார். முடிந்ததும் என்னிடம் வந்து, “குடுத்த லெட்டர நான் திரும்ப வாங்கமாட்டேன். வெள்ளிக்கிழமை அந்தப் பொண்ணு வரட்டும். தண்ணி ஏன் நின்னுச்சுன்னு அது வாயால சொல்லட்டும். சரியா சொல்லிட்டா குழி அப்படியே இருக்கட்டும்” என்றார். குழி என்றுதான் சொன்னார். படிமுற்றம் என்று சொல்ல இன்னும் ஒரு மழை வேண்டும்.

ஆகவே பயப்படாதே. மண் இறங்கிவிட்டது என்று சொல். உன் முதலாளியிடமும் அதையே சொல். உன் படத்தில் ஒரு தப்பும் இல்லை, நெய்வேலி மண் அப்படி. நான் சாட்சி, பரமசிவம் சாட்சி, சிங்காரவேலின் இஞ்சின் சாட்சி.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வீட்டில் சாப்பிடும்படி வா. உன் முதலாளியையும் கூட்டி வா, கத்தரிக்காய் போடாமல் வைக்கச் சொல்லியிருக்கிறேன். அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டால் சிரித்துவிடு. அறைத் தோழிகளுக்கு எங்கள் அன்பைச் சொல். கிளம்பும்போது நெற்றியில் சிலுவை போட்டுக்கொள், பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்காராதே. சகல நன்மையும் உனக்கு உண்டாகட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
அ. லூர்துசாமி

பி.கு.: கவரை ஒட்டப் போனேன், ஒட்ட முடியவில்லை. மண் இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை அப்படிச் சொல்லிவிடாதே. உன் முதலாளி மட்டம் பிடித்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். சாட்சிகள் மூன்று பேரையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஷிப்ட் பஸ் பிடிக்க, பள்ளிக்கூடம் இருக்கிற அந்தத் தரை வழியாகப் பத்தொன்பது வருடமாகச் சைக்கிளில் போகிறேன். கிழக்கே போகும்போது எழுந்து நின்று மிதிக்க வேண்டும். திரும்பி வரும்போது மிதிக்கவே வேண்டாம், தானாக வீடு வந்து சேரும். உனக்கு அது தெரிய நியாயமில்லை. பத்தாவது வரைக்கும் நீ என் கேரியரில் உட்கார்ந்து போனவள். பின்னால் உட்கார்ந்தவர்களுக்கு மேடு தெரியாது.

அந்த மே மாதம் மேசையில் நீ படத்தை விரித்து, நாலு மூலையிலும் உப்பு ஜாடி, சொம்பு, என் டிபன் பாக்ஸ், ஜெபமாலைப் பெட்டி என்று வைத்தாய். டிபன் பாக்ஸை எடுத்தபோது அதற்குக் கீழே அந்த அம்புக்குறி இருந்தது. கிழக்கே பார்த்துக்கொண்டு. பார்த்த உடனே என் முட்டிக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் நீ விரலை வைத்து, ஒவ்வொரு கோடாக, எனக்குப் புரியவேண்டும் என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். நீ காலேஜ் போன பிறகு அவ்வளவு நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்து பேசியது அன்றுதான். வாயைத் திறந்தால் நீ நிறுத்திவிட்டு லேப்டாப்பைத் திறந்துவிடுவாய். பெரிய படிப்புப் படித்தவர்கள் மட்டம் பார்க்காமலா போட்டிருப்பார்கள் என்று எனக்கு நானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன். “புரியுதாப்பா?” என்றாய். “சூப்பர்” என்றேன். நான் சூப்பர் என்றால் இனி நம்பாதே.

வெள்ளிக்கிழமை விருத்தாம்பாள் கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடு. அம்பைப் போட்டது நீ. பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தது நான். பெற்றவன் பக்கத்தில் இருந்து சொல்லியிருக்க வேண்டிய அந்த ஒரு வார்த்தை இதுதான்.

“பாப்பா, அந்த அம்பு மட்டும் திரும்பி இருக்கு.”